பொருளைத் தொடக் கூடாது

சொற்சுடர் மன்றத்தில் சேர்ந்தால் வாய் திறக்கும் என்று முதலாளி ராஜபாண்டியன் சொன்னார். வாயைத் திறந்து ஆக வேண்டிய காரியம் எதுவும் அன்பரசனுக்கு இருக்கவில்லை. ஆனாலும் சேர்ந்தான். சேரவில்லை என்று சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டும்.

சிவகாசியில் ராஜபாண்டியனுடைய அச்சகத்தில் அவனுக்கு வேலை. பட்டாசுப் பெட்டி லேபிள், தினசரிக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் புரூப் பார்ப்பான். எம்.ஏ. படித்தவன். அவன் மனைவி சுகிர்தா அதே முதலாளிக்குத் தாயில்பட்டியில் இருந்த பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தாள். போன வருஷம் ஆவணியில், தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் அறை ஒன்று வெடித்தது. உள்ளே வேலை பார்த்த நான்கு பேரும் இறந்தார்கள். சுகிர்தாவும் இறந்தாள்.

காரணத்தை அன்று சாயங்காலமே மேனேஜர் மாரிசாமி பேப்பர்காரர்களிடம் சொல்லிவிட்டார். தனக்கு வேலையே இல்லாத அறைக்குள் சூப்பர்வைசர் போயிருக்கிறார், எதையோ தரையில் இழுத்திருக்கிறார், உராய்ந்துவிட்டது. கவனக்குறைவு. மறுநாள் அப்படியே அச்சாகி வந்தது. எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

அன்பரசனுக்கு வேறொன்று தெரியும். அன்று காலை டீ நேரத்தில் சுகிர்தா கேட்டுக்கு வந்து, வாட்ச்மேனிடம் ஒப்படைத்திருந்த போனை வாங்கி அவனிடம் பேசினாள். கலந்து மீந்த மருந்தை மறுநாளுக்கு வைத்திருக்கக் கூடாது, தானே சூடேறி வெடித்துவிடலாம், அன்றன்றே அழித்துவிட வேண்டும். முந்தின நாள் மீந்ததை எடுத்துச் செலுத்தச் சொல்லி மாரிசாமி கொடுத்திருந்தார். வேண்டாம் என்று இவள் சொன்னாள். சீசன் நேரத்தில் மருந்தை மண்ணிலா கொட்டச் சொல்கிறாய் என்று அவர் கேட்டார். நான் போய் அந்த நாலு பேரையும் வெளியே வரச் சொல்லப்போகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு போனை வைத்தாள். அவளுக்கு வேலையில்லாத அந்த அறைக்குள் அவள் போன காரணம் அதுதான்.

இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னான். இறந்தவர் போனில் சொன்னதாக உயிரோடு இருப்பவர் சொல்வது சாட்சியாகாது என்று அவர் விளக்கினார், நல்ல பொறுமையோடு. பிறகு தாயில்பட்டிக்குப் போனான். இறந்த நால்வரும் அவன் மாமியார் பொன்னுத்தங்கம் இருந்த தெருக்காரர்கள். அடுத்த வீட்டுச் செல்லத்தாயின் மகள் பிரீத்தி அவர்களில் ஒருத்தி. செல்லத்தாய் அவன் தலையைக் கண்டதும் கதவைச் சாத்தினாள். அதற்குப்பின் அவன் எந்தக் கதவுக்கும் போகவில்லை. பொன்னுத்தங்கம் குடத்தோடு போனால் குழாயடியில் நிற்கிற பெண்கள் விலகி நின்றார்கள். மகள் கவனமில்லாமல் நாலு வீட்டை எரித்துவிட்டாள் என்பது அந்தத் தெருவின் கணக்கு. அந்த நாலு வீட்டுக்கும் நடந்தது தெரிய வேண்டும். இனி வேண்டும் என்று அவனுக்கு ஏதாவது இருந்தால் அது ஒன்றுதான்.

மன்றம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் ஏ.சி. அறையில் கூடியது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத்தொழில் முதலாளிகள், அவர்களுடைய ஆடிட்டர்கள், ரெண்டு மூன்று வாத்தியார்கள். ராஜபாண்டியன் தலைவர். முதலில் எல்லோரும் எழுந்து நின்று விதிகளை ஒரே குரலில் சொல்ல வேண்டும். மேடை ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது. அடுத்தவர் வந்து கைகொடுத்த பிறகே முன்னவர் இறங்க வேண்டும். மதிப்பிடப்படாத பேச்சு பேசப்படாத பேச்சு. இன்றைய சொல் என்று பலகையில் எழுதியிருக்கும் சொல்லை எல்லோரும் ஒருமுறையாவது பயன்படுத்த வேண்டும். மொழி மதிப்பீட்டாளர் சொல்லையும் வாக்கியத்தையும் பற்றி மட்டுமே பேசலாம், பொருளைத் தொடக் கூடாது.

இந்தக் கடைசி விதியை ராஜபாண்டியன் புதியவர்களுக்கு விளக்கினார். "மன்ற மாண்பாளர்களே, இங்கே அமர்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தவர்கள். பொருளைத் தொட்டால் பகை. மொழியைத் தொட்டால் வளர்ச்சி. ஒருவன் என்ன சொன்னான் என்று பார்ப்பவன் சாமானியன். எப்படிச் சொன்னான் என்று பார்ப்பவனே சான்றோன்."

எல்லோரும் கைதட்டினார்கள். எப்படித் தட்டுவது என்பதற்கும் முறை இருந்தது.

பேச்சுக்கு நடுவில் யாராவது 'வந்து', 'அதாவது' என்று இழுத்தால் தேவமணி டீச்சர் மணியை அடிப்பார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. முப்பது வருஷம் பிள்ளைகளை அதட்டிய கை, சும்மா இருக்க முடியாமல் மணிக்கு வந்திருந்தது. மதிப்பீடு சொல்வதற்குப் பன்-பட்டர்-பன் முறை. முதலில் ஒரு பாராட்டு, நடுவில் ஒரு குறை, முடிவில் ஒரு பாராட்டு. குறை வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும் என்றார்கள்.

புதிதாகச் சேர்ந்தவன் 'நான் யார்' என்ற தலைப்பில் ஐந்து நிமிஷம் பேச வேண்டும். அன்பரசன் மேடையேறினான். "என் பேர் அன்பரசன்" என்றான். அதற்குமேல் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. இறங்கலாம் என்றால் யாரும் கைகொடுக்க வரவில்லை. ஆகவே நின்றான். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. நேரம் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது, மஞ்சள் எரிந்தது, சிவப்பு எரிந்தது.

அப்போது மொழி மதிப்பீட்டாளராக இருந்தவர் கல்லூரி விரிவுரையாளர் ராஜசிங். அவர் எழுந்து, இந்த மன்றத்தில் இதுவரை எவரும் இடைநிறுத்தத்தை இந்த உயரத்துக்குக் கொண்டுபோனதில்லை என்றார். குறையாக, 'என் பேர்' என்பதை 'என் பெயர்' என்று சொல்லியிருக்கலாம். முடிவாக, கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றைய சிறந்த பேச்சாளருக்கான கோப்பை அன்பரசனுக்கு. யாருக்கு எத்தனை மணி என்ற தேவமணி டீச்சர் அறிக்கையில் அவன் பெயருக்கு நேராகப் பூஜ்ஜியம். மன்ற வரலாற்றில் அது முதல் பூஜ்ஜியம்.

அடுத்த வாரம் மூன்று பேர் மேடையேறிப் பேசாமல் நின்றார்கள். மூவரையும் விரிவாக மதிப்பிட்டார்கள். உங்கள் மௌனத்தில் முன்னுரை நீண்டுவிட்டது என்று ஒருவருக்குச் சொல்லப்பட்டது. அவர் குறித்துக்கொண்டார்.

அன்பரசனுக்கு இதில் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பதற்கு இது பரவாயில்லை. வீட்டில் எதையாவது சமைக்க வேண்டும்.

ஒருநாள் தீப்பெட்டி கம்பெனி காளீஸ்வரன், விருந்தோம்பலின் சிறப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. லோடு ஏற்றிப்போன லாரி ஆனைக்குட்டம் பக்கம் கவிழ்ந்துவிட்டது. காளீஸ்வரன் மேடையிலிருந்தபடியே டிரைவரிடம் பேசினார். எங்கன கவுந்த, எப்பிடிக் கவுந்த, கண்ணு எங்கலே இருந்துச்சு என்று தொடங்கி டிரைவருடைய அம்மா, அம்மாவைப் பெற்றவர்கள் வரை போனார். பேசி முடித்து வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தார். விடவில்லை. மேடையில் பேசப்பட்டது எதுவும் மதிப்பீடு இல்லாமல் போகக் கூடாது. ராஜசிங் எழுந்தார். குரலில் ஏற்ற இறக்கம் இயல்பாக அமைந்திருந்தது. வினைச்சொற்கள் வலுவானவை. ஆனால் டிரைவரின் தாயார் ஐந்து முறை வந்துவிட்டார், மாற்றுச் சொல் தேடியிருக்கலாம். தவிர, இன்றைய சொல் 'பொலிவு'. அதைப் பேச்சாளர் எங்கும் பயன்படுத்தவில்லை.

காளீஸ்வரன் கீழே இறங்கிப் படிக்கட்டுக்குப் போனவர், பாதியில் நின்று டிரைவரை மறுபடி கூப்பிட்டார். "ஏலே, லாரி பொலிவா இருக்காலே?" என்று கேட்டார். அறைக்குள் கைதட்டல் கேட்டது.

பிறகு அந்தக் காளீஸ்வரனுடைய அப்பா இறந்துபோனார். மன்றம் மொத்தமும் வேன் பிடித்து மல்லாங்கிணறு போனது. பந்தலில் காளீஸ்வரனுடைய அத்தை அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். மழை பொய்த்த காட்டில் அவர் கிணறு வெட்டியது, தங்கைக்கு மாப்பிள்ளை தேடிப் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். மூச்சு வாங்க நிறுத்தினாள். ராஜசிங் எழுந்துவிட்டார். எழ வேண்டும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். பேச்சு முடிந்தால் எழுந்து எழுந்து உடம்பு பழகிவிட்டது. அம்மையாரின் உவமைகள் மண்வாசனை மிக்கவை என்றார். கூட்டத்தைப் பார்த்துப் பேசியிருக்கலாம், பார்வை முழுக்க இறந்தவர் மேலேயே இருந்துவிட்டது என்றார்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "ஏலே, நான் எங்கண்ணனுக்கு அழுகேன். ஒனக்கு எங்கலே வலிக்கு?" என்றாள். பக்கத்தில் பிணத்துக்குத் தண்ணீர் வைத்திருந்த பித்தளைச் சொம்பு அவள் கைக்கு எட்டியது.

ராஜசிங்கால் இரண்டாவது பன்னுக்குப் போக முடியவில்லை. புருவத்தில் தையல் போட்டார்கள். திரும்பும் வழியில் வேனில் ராஜபாண்டியன், எதிர்வினையை அவர் கண்ணியமாக ஏற்றார் என்று பாராட்டினார். ராஜசிங் கட்டுப்போட்ட தலையோடு, தான் இனி வரவில்லை, வீட்டில் ஆட்சேபிக்கிறார்கள் என்றார். வேன் சிவகாசி வருமுன் புதிய மொழி மதிப்பீட்டாளரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். புரூப் பார்க்கிறவன், பிழை கண்ணில் படும், அதிகம் பேசமாட்டான். அன்பரசன் சட்டையில் பேட்ஜைக் குத்தினார்கள்.

ஆவணி வந்தது. ராஜபாண்டியனுக்கு மன்றத்தில் 'நாவரசர்' பட்டத்துக்கு ஒரே ஒரு பேச்சு பாக்கி இருந்தது. அறைக்குள் பேசக் கூடாது, உண்மையான பொதுக்கூட்டம் ஒன்றில் பேசி, அங்கேயே மதிப்பீடும் பெற வேண்டும். வெடிவிபத்து நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. கம்பெனி வாசலில் பந்தல் போட்டு, இறந்தவர்களின் வீட்டாரை வரவழைத்து நினைவஞ்சலி. அங்கே பேசுவது என்று முடிவு செய்தார். தலைப்பு: சாம்பலில் சிரித்த சரவெடி.

அதற்கு முந்தின ஞாயிறு மன்றத்தில் ஒத்திகை. அன்பரசன் மதிப்பீட்டாளர் நாற்காலியில் இருந்தான். ராஜபாண்டியன் இரண்டு கைகளையும் விரித்து ஆரம்பித்தார். வானம், கந்தக பூமி, உழைப்பு, தீபத்திருநாள் என்று சுற்றி வந்து நடுவில் குரலைத் தாழ்த்தினார். "ஒரு பெண்ணின் ஒரு நொடிக் கவனக்குறைவு, நான்கு வீடுகளின் விளக்கை அணைத்துவிட்டது." சொல்லிவிட்டு நிறுத்தினார். இடைநிறுத்தம் நன்றாக விழுந்தது. தேவமணி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்பரசன் மேடைக்குப் போனான். குரல் தெளிவு என்றான். பிறகு, அந்தக் கவனக்குறைவு வாக்கியம் வேண்டாம் என்றான்.

ஏன் என்று கேட்டார் ராஜபாண்டியன்.

"அது பொய்."

தேவமணி டீச்சர் மணியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். இதற்கு மணி உண்டா என்று விதியில் இல்லை. ராஜபாண்டியன் கோபப்படவில்லை. சின்னப் பையன் தப்பாக எழுதியதைத் திருத்துகிற மாதிரிச் சிரித்தார். "மொழி மதிப்பீட்டாளர் அவர்களே, பொய்யா மெய்யா என்பது பொருள். அது தங்கள் துறை அல்ல. வாக்கியத்தில் பிழை ஏதும் உண்டா?"

அன்பரசன் யோசித்தான். எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது. ஒற்று சரியாக இருந்தது.

"இல்லை. வாக்கியம் சரியாகத்தான் இருக்கு" என்றான்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் அச்சகத்தில் ராஜபாண்டியன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மன்றத்தை விட்டு வெளியே வந்தால் அவர் ஊர்ப்பேச்சுதான். காபி வரவழைத்தார். மனசுல வச்சுக்கிறாதீக தம்பி என்றார். யார் பேரையும் சொல்லவில்லையே, ஒரு பெண் என்று பொதுவாகத்தானே சொல்லியிருக்கிறேன் என்றார். அந்தத் தெருவில் அது யார் என்று எல்லோருக்கும் தெரியும் என்று அன்பரசன் சொன்னான். அவள் அந்த நாலு பேரையும் வெளியே கூப்பிடப் போனவள் என்று சொன்னான். மருந்தைச் சொன்னான். மாரிசாமியைச் சொன்னான். ராஜபாண்டியன் முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. கவனித்துக் கேட்பதும் மன்றத்தில் ஒரு பயிற்சி.

"நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும்" என்றார் கடைசியில். "ஆனா அத எங்கன வைக்க? மீந்த மருந்து, மேனேஜர், கம்பெனின்னு உள்ள கொண்டாந்தா பேச்சு சப்புன்னு போயிரும். கேக்கிறவனுக்கு ஒரு ஆளு வேணும் தம்பி, ஒரு நொடி வேணும். நானும் ராத்திரி பகலா எழுதிப் பாத்துட்டேன். ஒங்க வீட்டம்மா இல்லேன்னா அந்தப் பேச்சுக்கு நடுவே கெடையாது. ஒருவகையில அவகளுக்கு நான் மரியாததான் செஞ்சிருக்கேன்."

காபியைக் குடிக்கச் சொன்னார். அன்பரசன் குடித்தான். வியாழக்கிழமை தாயில்பட்டிக்கு அவனும் வர வேண்டும், அங்கே மதிப்பீடு சொல்ல வேண்டும் என்றார். நிறையப் பேச வேண்டாம். "ஒங்க மௌனம் இருக்கே, அது அங்கன நல்லா எடுபடும். ரெண்டு வார்த்த பாராட்டிட்டு, பேசாம நில்லுங்க. புருஷன் நிக்காருன்னு ஜனம் பாக்கும். அதுக்கு மேல என்ன மதிப்பீடு வேணும்?"

அன்று மத்தியானம் நினைவஞ்சலி பேனருக்கான புரூப் அவன் மேசைக்கு வந்தது. தாமரைப் பூவுக்குள் நான்கு படங்கள், நான்கு பெயர்கள், கண்ணீர் அஞ்சலி. ஐந்தாவது படம் இல்லை. எழுத்தை எல்லாம் ஒருமுறை பார்த்தான். பிழை எதுவும் இல்லை. ஓ.கே. போட்டு அனுப்பினான்.

வியாழக்கிழமை கம்பெனி வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மேடையை ஒட்டி மன்றத்தாருக்கு நாற்காலி, முன்னால் ஊர்க்காரர்களுக்கு ஜமக்காளம். நாலு வீட்டாரும் வந்திருந்தார்கள். செல்லத்தாய் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை பேனரில் மகளின் படத்தைவிட்டு நகரவில்லை. பொன்னுத்தங்கத்தை யாரும் அழைக்கவில்லை. அவளாக வந்து பந்தலுக்கு வெளியே, பந்தல்காலாக நட்டிருந்த மூங்கிலைப் பிடித்தபடி நின்றாள். அன்பரசன் போய் உள்ளே வாங்க அத்தை என்றான். "எங்கன உக்கார? நீ போ" என்றாள்.

மேனேஜர் மாரிசாமி மைக்செட் பெட்டியின் பக்கம் நின்று ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார். தேவமணி டீச்சர் மணியோடு வந்திருந்தார். நேரம் பார்க்கிற ஆடிட்டர் மூன்று வண்ண அட்டைகளோடு இருந்தார். மின்சாரம் போனாலும் போகலாம் என்று விளக்குக்குப் பதிலாக அட்டை.

ராஜபாண்டியன் பேசினார். வானம் வந்தது, கந்தக பூமி வந்தது. ஒரு பெண் வந்தாள், ஒரு நொடிக் கவனக்குறைவு வந்தது, நான்கு விளக்கும் அணைந்தது. ஜமக்காளத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ரெண்டு மூன்று தலைகள் மூங்கில்கால் பக்கம் திரும்பின. பொன்னுத்தங்கம் தரையைப் பார்த்தாள். சாம்பலிலிருந்து சரவெடி சிரித்து முடிந்ததும் மன்றத்தார் கைதட்டினார்கள். ஊர்க்காரர்கள் தட்டவில்லை. துக்கத்துக்கு யாராவது கைதட்டுவார்களா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அடுத்தது மொழி மதிப்பீடு. ராஜபாண்டியன் கைகொடுத்துவிட்டு இறங்கினார். அன்பரசன் மைக்கின் முன்னால் நின்றான்.

தலைவரின் உச்சரிப்பு சுத்தமாக இருந்தது என்றான். கடைசி வரிசைவரைக்கும் கேட்டது என்றான். பிறகு பேசாமல் நின்றான். ராஜபாண்டியன் தலையசைத்தார். எல்லாம் சொன்னபடி நடந்தது. செல்லத்தாய் அவனையே பார்த்தாள். ஒரு வருஷத்துக்குப்பின் அப்போதுதான் பார்த்தாள். ஜமக்காளத்துக்கும் மேடைக்கும் நடுவில் சாத்துவதற்குக் கதவு இல்லை.

"ஒரு வாக்கியம் மட்டும் மாத்தணும்" என்றான் அன்பரசன். "கவனக்குறைவுங்கிற வாக்கியம். அதுக்குப் பதிலா நான் ஒண்ணு சொல்றேன். முந்தின நாள் மீந்த மருந்த எடுக்கச் சொல்லி மேனேஜர் குடுத்தார். சுகிர்தா வேண்டாம்னு சொன்னா. அவர் கேக்கல. உள்ள இருந்த நாலு பேரையும் வெளிய கூப்பிடத்தான் அவ போனா. போறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணிச் சொன்னா."

பன்-பட்டர்-பன்னில் இது நடுப்பகுதி என்று மன்றத்தார் காத்திருந்தார்கள். ராஜபாண்டியன்தான் முதலில் எழுந்தார்.

"தம்பி, மொழியப் பத்தி மட்டும் பேசுங்க."

"மொதலாளி, நீங்க உக்காருங்க" என்றாள் செல்லத்தாய். அவள் குரலை உயர்த்தவில்லை. "எந்த மேனேஜரு?"

"மாரிசாமி" என்றான் அன்பரசன்.

அது மைக்கில் கேட்கவில்லை. மாரிசாமி பெட்டியை அணைத்துவிட்டார். அணைத்தவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பெட்டியின் திருகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேக்கல. நீ இங்கன எறங்கி வந்து சொல்லு" என்றாள் செல்லத்தாய்.

அன்பரசன் இறங்கினான். யாரும் கைகொடுக்கவில்லை. மேடை வெறுமையானது. மன்றம் தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை. தேவமணி டீச்சர் எழுந்தார், ஆடிட்டர் எழுந்தார், கடைசியில் ராஜபாண்டியனே வேட்டியைப் பிடித்துக்கொண்டு மேடையில் ஏறி, அணைந்த மைக்குக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஆடிட்டர் பழக்கதோஷத்தில் பச்சை அட்டையைத் தூக்கினார். ராஜபாண்டியன் பேச ஆரம்பித்தார். வாய் அசைவது தெரிந்தது. ஜமக்காளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

அன்பரசன் ஜமக்காளத்தின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். சொன்னான். பின்னால் இருந்த பெரியவர் காது கேட்கவில்லை என்றார். மறுபடி சொன்னான். அதே சொற்கள்தான். சொல்லும்போது அழுகை வரும் என்று எப்போதோ நினைத்திருந்தான். வரவில்லை. அச்சுக்குப் போகிற வரிகளை வாய்விட்டுப் படிப்பதுபோல இருந்தது.

"எங்க பிரீத்தியப் பத்தி எதுவும் சொன்னாளா?" என்று கேட்டாள் செல்லத்தாய்.

அவன் இந்த ஒரு வருஷமாக வேறு கதவுகளைத் தட்டாததற்கு இதுவும் ஒரு காரணம். சொல்லாமல் விடலாமா என்று பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தால் விட முடியாது என்று தோன்றியது.

"சொன்னா. காலையிலேயே ஒரு தடவ போயிக் கூப்பிட்டாளாம். வெளிய வாடின்னு. இந்த ட்ரேய முடிச்சிட்டு வாரேன்க்கான்னு சொல்லுச்சாம். அதான் மறுபடியும் போறேன்னா."

செல்லத்தாய் சேலை முந்தியைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"வர மாட்டா" என்றாள். "கையில எடுத்தத வைக்க மாட்டா. சாப்பிடக் கூப்பிட்டாலே பத்துத் தடவ கூப்பிடணும்."

பிறகு மூங்கில்கால் பக்கம் பார்த்தாள். பொன்னுத்தங்கம் அங்கேயேதான் நின்றாள்.

"எக்கா, வெயில்ல எதுக்கு நிக்க? வா."

பொன்னுத்தங்கம் உடனே நகரவில்லை. காலைக் கழுவாமல் வந்தவள்போலத் தன் பாதத்தைப் பார்த்தாள். பிறகு பந்தலுக்குள் வந்து, உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே எங்கே போவது என்று தெரியாமல் நின்றாள்.

செல்லத்தாய் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள்.